எழுத்துகள் கையில், சொல் எங்கே? ஆங்கிலச் சொல் தேடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜி, எச், ஐ, என், டீ. இந்த ஐந்து எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு ஆங்கிலச் சொல் கேட்டால் சிலர் ‘நைட்’ என்பார்கள், சிலர் ‘திங்’ என்பார்கள். இரண்டும் சரி. ஆனால் ஒன்றைச் சொன்னவருக்கு இன்னொன்று லேசில் வராது. எழுத்து ஒன்றேதான், ஓசைதான் வேறு. நாம் சொல்லைத் தேடுவது பெரும்பாலும் காதால். தமிழில் எழுதுவதும் ஒலிப்பதும் ஏறக்குறைய கைகோத்துப் போவதால் அந்தப் பழக்கம் நமக்குக் கூடுதல். ஆங்கிலத்தில் அது காலை வாரிவிடும். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள், ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில், பள்ளிக்கூடத்து ‘ஜம்பிள்டு வேர்ட்ஸ்’ என்று பல பக்கமிருந்தும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: ‘டி’ என்று எழுதினால் எந்த ‘டி’?

நியாயமான கேள்வி. ஆங்கில எழுத்துப் பெயர்களைத் தமிழில் எழுதினால் சில ஜோடிகள் ஒட்டிக்கொள்ளும். இங்கே ‘டி’ என்றால் டாக்டர், டாலரில் முதலில் வருவது. ‘டீ’ என்றால் டேபிள், டிரெயினில் முதலில் வருவது, அதாவது குடிக்கிற டீ மாதிரி நீட்டிச் சொல்வது. ‘பி’ என்றால் எப்போதும் பென்சில், பேப்பரில் வருவதுதான். பந்து என்ற ‘பால்’, மட்டை என்ற ‘பேட்’ ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தை இங்கே தொடாமலே தப்பித்துக்கொண்டேன்.

‘இந்த எழுத்துகள் உள்ள சொல்’ என்று தேடினால் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விடை தருகிறது. ஏன்?

கேட்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. எது உங்கள் கேள்வி என்று தெரியாமல் எந்தத் தளத்தில் தட்டினாலும் குப்பைதான் கொட்டும்.

முதல் வகை, கொடுத்த எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல் கட்டுவது. கையில் ஏழு எழுத்து இருந்தால் அந்த ஏழுக்குள்ளிருந்துதான் சொல் வர வேண்டும், வெளியிலிருந்து ஒன்றும் சேர்க்கக் கூடாது, எல்லாவற்றையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஸ்கிராபிள் இது. பிரிட்டனில் 1982 முதல் சேனல் ஃபோரில் ஓடும் ‘கவுன்ட்டவுன்’ நிகழ்ச்சியும் இதே வகை: ஒன்பது எழுத்து, முப்பது வினாடி, யார் நீளமான சொல் சொல்கிறார்களோ அவர்களுக்குப் புள்ளி.

இரண்டாவது வகையில் கொடுத்த எழுத்துகள் எல்லாம் சொல்லுக்குள் எங்காவது இருந்தால் போதும், கூட வேறு எழுத்துகளும் வரலாம். ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்தும் உள்ள சொல் எது என்றால் ‘எஜுகேஷன்’ என்பது எல்லோருக்கும் தெரிந்த விடை. ‘செக்கோயா’ என்ற அமெரிக்க மரத்தின் பெயர் ஏழே எழுத்தில் அந்த ஐந்தையும் அடக்கிவிடுகிறது. கிண்டலான என்று பொருள்படும் ‘ஃபெசீஷியஸ்’ என்ற சொல்லில் அவை அகர வரிசைப்படியே வரும்.

மூன்றாவது, எழுத்துகள் அதே வரிசையில் ஒட்டி வர வேண்டும். டபிள்யூ, கே, டபிள்யூ என்று மூன்றும் அடுத்தடுத்து வரும் சொல் உண்டா என்று கேட்டால் ‘ஏது?’ என்று தோன்றும். ‘ஆக்வர்ட்’ என்ற சாதாரணச் சொல்தான். எக்ஸ், ஒய், ஜி என்றால் ‘ஆக்சிஜன்’. இஸட், வி என்றால் சந்திப்பு என்ற பொருளுள்ள ‘ரான்டேவூ’. அது பிரெஞ்சிலிருந்து வந்ததால் உச்சரிப்பில் இஸட்டையே காணோம். காதால் தேடினால் இது சாகும்வரை கிடைக்காது.

நான்காவது வகையில் வரிசை மாறக் கூடாது, நடுவில் வேறு எழுத்துகள் புகலாம். நீண்ட பேருந்துப் பயணங்களில் வண்டி எண்ணைப் பார்த்து நாங்கள் ஆடுவது இது. நம் ஊர் வண்டி என்றால் டீ, என் என்று தொடங்கும், எண்ணுக்குப் பிறகு இன்னும் ஓரிரண்டு எழுத்து. ஏ, எல் என்று வந்தால் டீ-என்-ஏ-எல் என்ற வரிசையில் ஒரு சொல் வேண்டும். ‘எடர்னல்’ சட்டென்று கிடைக்கும். ‘இன்டர்நேஷனல்’ சொன்னவர் ஜன்னலோர இருக்கையை வென்றார்.

எழுத்துகள் கலைந்து கிடக்கின்றன. காகிதமும் பேனாவும்தான் இருக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது?

எழுத்துகளைக் கொடுத்த வரிசையிலேயே முறைத்துக்கொண்டிருப்பதுதான் பெரிய தப்பு. அந்த வரிசையைக் கண் ஒரு சொல்லாகப் படித்துவிடும், அப்புறம் அதிலிருந்து வெளியே வராது. முதலில் வட்டமாக எழுதுங்கள். வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததால் அந்தப் பிடி தளரும். ஸ்கிராபிள் என்றால் முன்னாலுள்ள எழுத்துக் கட்டைகளைச் சும்மா இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், கை நகர்ந்தால் மூளையும் நகரும்.

அடுத்து வால் தேடுங்கள். ஆங்கிலச் சொற்களுக்கு வால்கள் கொஞ்சம்தான்: ஐ-என்-ஜி, ஈ-டி, ஈ-ஆர், ஈ-எஸ்-டீ, எல்-ஒய், டீ-ஐ-ஓ-என். கையிலுள்ள எழுத்துகளில் ஒரு வால் தெரிந்தால் அதைப் பிரித்துத் தனியே வைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

ஒரு உதாரணம். ஏ, டி, ஈ, ஜி, ஐ, என், ஆர் என்று ஏழு எழுத்து வந்திருக்கிறது. ஐ-என்-ஜி வால் கண்ணில் படுகிறது. எடுத்து வைத்தால் மிச்சம் ஆர், ஈ, ஏ, டி. அது ‘ரீட்’. ஆக ‘ரீடிங்’. இங்கே நிறுத்திவிடுவோம், அதுதான் வழக்கம். ஆனால் இதே ஏழில் இன்னொரு வாலும் இருக்கிறது: ஈ-டி. அதை எடுத்து வைத்தால் மிச்சம் ஜி, ஆர், ஏ, ஐ, என். ‘கிரெய்ன்’. ஆக ‘கிரெய்ன்டு’ என்ற இன்னொரு ஏழெழுத்துச் சொல். ஐ-யை மட்டும் விட்டுவிட்டால் மிச்ச ஆறில் ‘கார்டன்’ இருக்கிறது, ‘டேஞ்சர்’ இருக்கிறது. ஒரு சொல் கிடைத்ததும் வாலை மாற்றிப் போட்டு இன்னொரு சுற்றுப் பார்ப்பவர்தான் இந்த விளையாட்டில் முன்னே போகிறார்.

தலைகளும் உண்டு: ஆர்-ஈ, யு-என், ஐ-என், டி-ஐ-எஸ். அப்புறம் பிரியாத ஜோடிகள்: சி-எச், எஸ்-எச், டீ-எச், சி-கே, ஜி-எச். எச் தனியாக நிற்க விரும்பாத எழுத்து, அதைக் கண்டதும் சி, எஸ், டீ, ஜி, பி, டபிள்யூ இவற்றில் எது அதற்குத் துணை என்று பாருங்கள். கே, என் இரண்டும் இருந்தால் ‘நைஃப்’, ‘நாட்’, ‘நீ’ வகைச் சொற்களை நினையுங்கள். அதில் கே ஊமை என்பதால் அந்த வழி மனத்துக்கே வராது.

கணினி கண் இமைப்பதற்குள் விடை சொல்கிறதே, அது எல்லா வரிசையையும் போட்டுப் பார்க்கிறதா?

அப்படியும் செய்யலாம், ஆனால் அது முட்டாள்தனமான வழி. ஏழு வேறு வேறு எழுத்துகளை 5,040 விதமாக அடுக்கலாம். ஆறெழுத்து, ஐந்தெழுத்து என்று ஒற்றை எழுத்துவரை எல்லா நீளத்தையும் சேர்த்தால் 13,699. ஒவ்வொன்றையும் அகராதியில் தேடுவது கணினிக்கும் வீண் வேலை.

புத்திசாலி வழி மிக எளியது. சொல்லிலுள்ள எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கிவிடுவதுதான். ‘ஸ்டாப்’, ‘போஸ்ட்’, ‘ஸ்பாட்’, ‘டாப்ஸ்’, ‘பாட்ஸ்’, ‘ஆப்ட்ஸ்’ ஆகிய ஆறையும் அடுக்கிப் பாருங்கள், எல்லாமே ஓ-பி-எஸ்-டீ என்றே வரும். அதுதான் சாவி. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் முன்கூட்டியே இப்படி ஒரு சாவி செய்து, ஒரே சாவி உள்ள சொற்களை ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் எந்த வரிசையில் எழுத்துகளைக் கொடுத்தாலும் கணினி அவற்றை அடுக்கி, அந்தப் பெட்டியைத் திறந்து காட்டிவிடும். ஏழெழுத்துக்குள் சின்னச் சொற்களும் வேண்டும் என்றால், இரண்டோ அதற்கு மேலோ எழுத்துகளை 120 விதமாகத்தான் பொறுக்கி எடுக்க முடியும். 120 பெட்டி திறந்தால் போதும். ஸ்கிராபிளில் வெற்றுக் கட்டை ஒன்று கையில் இருந்தால், அது 26 எழுத்தில் எதுவாகவும் ஆகலாம் என்பதால் வேலை 26 மடங்கு வரை கூடும். அதுவும் கணினிக்குத் தூசு.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது, பயன் குறைவு என்றாலும் அழகு அதிகம். முதல் எழுத்து ஏ-க்கு 2, அடுத்ததற்கு 3, அப்புறம் 5, 7, 11 என்று 26 எழுத்துக்கும் பகா எண்களைக் கொடுங்கள். கடைசி எழுத்து இஸட்டுக்கு 101 வரும். ஒரு சொல்லின் மதிப்பு அதன் எழுத்துகளின் பெருக்கல். ‘கேட்’ என்ற பூனைக்கு 5 × 2 × 71 = 710. ‘ஆக்ட்’ என்றாலும் அதே மூன்று எழுத்து, அதே 710. எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும் என்பதால் வேறு எழுத்துக் கூட்டம் எதற்கும் 710 வராது. இப்போது இரண்டாவது வகைக் கேள்வி, ‘இந்த மூன்றும் உள்ளே இருக்கிறதா?’ என்பது வெறும் வகுத்தலாகிவிடுகிறது. ‘கார்ட்’ என்ற வண்டிக்கு மதிப்பு 43,310. அதை 710-ஆல் வகுத்தால் மீதியின்றி 61 வருகிறது. ஆகவே பூனை வண்டிக்குள் இருக்கிறது, உபரியாக இருப்பது 61-க்குரிய ஆர். நீளமான சொற்களுக்கு எண் கட்டுக்கடங்காமல் வீங்கிவிடும் என்பதுதான் இதன் குறை.

நிரல் எழுதத் தெரியாது. நானே சொற்பட்டியலில் தேட வழி உண்டா?

உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று பட்டியலை எக்செல்லில் ஒட்டிக்கொண்டு, வடிகட்டியில் ‘இதைக் கொண்டிருப்பவை’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு எழுத்தைக் கொடுங்கள். மிச்சமானவற்றை வேறு இடத்தில் ஒட்டி அடுத்த எழுத்துக்கு வடிகட்டுங்கள். ஜல்லடைக்குக் கீழே ஜல்லடை வைத்த மாதிரி. லினக்ஸ் பழகியவர்கள் ‘கிரெப்’ என்ற தேடல் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து இதையே ஒரே வரியில் செய்துவிடுவார்கள். சில எழுத்துகளின் இடம் மட்டும் தெரிந்தால், மற்ற இடங்களை நிரப்பப் பெரும்பாலான தளங்களில் கேள்விக்குறி உதவும்: ஒரு கேள்விக்குறி, தெரியாத ஒரு எழுத்துக்கு. நட்சத்திரக்குறி, எத்தனை எழுத்தானாலும்.

ஒரு எழுத்தை இரண்டு தடவை பயன்படுத்தலாமா?

விளையாட்டைப் பொறுத்தது. ஸ்கிராபிளில் கையில் ஒரு ஈ இருந்தால் ஒரு ஈதான். நியூயார்க் டைம்ஸின் ‘ஸ்பெல்லிங் பீ’ புதிரில் ஏழு எழுத்து தருவார்கள், நடு எழுத்து கட்டாயம், நான்கெழுத்துக்குக் குறையக் கூடாது, ஆனால் எந்த எழுத்தையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். அங்கே சொல் தேடும் தளம் ஒன்றில் ஸ்கிராபிள் விதிப்படி தேடிவிட்டு ‘பாதிச் சொல் வரவில்லையே’ என்று அலுத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். (நான்தான்.)

தளம் காட்டிய சொல்லை விளையாட்டு ஏற்கவில்லை. யார் தப்பு?

இருவர் மேலும் தப்பில்லை, பட்டியல்தான் வேறு. ஆங்கிலத்தில் மொத்தம் இத்தனை சொற்கள் என்று ஒரு பட்டியல் கிடையாது.

ஸ்கிராபிளுக்கு உலகின் பெரும்பகுதியில் காலின்ஸ் பட்டியல், சுமார் 2,80,000 சொற்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் போட்டிகளுக்குப் பெரும்பாலும் வேறு பட்டியல், அது சின்னது. காலின்ஸில் செல்லும் பல சொற்கள் அங்கே செல்லாது. விளையாட்டின் உரிமையே அப்படித்தான் பிரிந்திருக்கிறது: அமெரிக்கா, கனடாவில் ஹாஸ்ப்ரோ, மற்ற இடங்களில் மேட்டல். இலவசச் செயலிகளில் பல ‘எனேபிள்’ என்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பட்டியலிலிருந்து கிளைத்தவை. மேக் கணினியில் ஒளிந்திருக்கும் சொற்பட்டியல் 1934-இல் வந்த வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது, சுமார் 2,35,000 சொற்கள். அதில் யாருமே கேள்விப்படாத பழைய செடி கொடிப் பெயர்கள் கொட்டிக் கிடக்கும், சாதாரணப் பன்மைகளும் இந்தக் காலத்துச் சொற்களும் இருக்காது. தேடும் முன் தளம் எந்தப் பட்டியலை வைத்திருக்கிறது என்று பாருங்கள். சொல்லாத தளத்தை நான் நம்புவதில்லை.

க்யூ வந்துவிட்டது, யு இல்லை. கட்டையைத் தூக்கி எறிவதா?

வேண்டாம், ஸ்கிராபிளில் அதற்குப் பத்துப் புள்ளி. க்யூ-வுக்குப் பின்னால் யு வந்தே தீரும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களுக்குத்தான். கடன் வாங்கிய சொற்கள் அந்த விதியை மதிப்பதில்லை. சீனத்து உயிர்ச்சக்தியைக் குறிக்கும் ‘சி’, க்யூ-ஐ என்று இரண்டே எழுத்து, காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான். மற்றவற்றில் பல அரபி வழி வந்தவை, நமக்கு அந்நியமே இல்லை: ஃபக்கீர், தலாக், நிகாப், காதி. காதி என்பது நம் ஊரில் காஜியார் என்கிறோமே, அவர்தான். ஆங்கிலேயர் மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியலில் பாதி நமக்குத் தெருவில் கேட்ட சொற்கள்.

ஐந்து உயிரெழுத்தில் ஒன்றுகூட இல்லை என்றால்?

ஒய் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரிதம்’, ‘மித்’, ‘ஹிம்’ என்ற துதிப்பாடல், ‘லிங்க்ஸ்’ என்ற காட்டுப்பூனை எல்லாம் ஒய்-யின் தயவில் ஓடுகின்றன. ஒய்-யும் இல்லை என்றால் வாயால் எழுப்பும் ஓசைகள்: ‘ஹ்ம்ம்’, ‘ஷ்ஷ்’, ‘ப்ர்ர்’. இவை ஸ்கிராபிளில் செல்லும். வேல்ஸ் மொழியிலிருந்து வந்த ‘கூம்’ சி-டபிள்யூ-எம் என்று எழுதப்படுகிறது, ஒருவகை மலைப்பள்ளம். டபிள்யூ அங்கே உயிரெழுத்து வேலை பார்க்கிறது.

வேர்டிலில் மஞ்சள் எழுத்துகள் கிடைத்தபின் என்ன செய்வது?

ஜாஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காக உருவாக்கி 2021 அக்டோபரில் பொதுவில் வைத்த விளையாட்டு இது. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்தெழுத்து, ஆறு முயற்சி. சரியான இடத்தில் உள்ள எழுத்து பச்சையாகும், இடம் மாறி இருப்பது மஞ்சளாகும். விதி தெரிந்தவர்களும் மறப்பது ஒன்று: மஞ்சள் இரண்டு செய்தி சொல்கிறது. இந்த எழுத்து உண்டு என்பது ஒன்று, இந்த இடத்தில் இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை மறந்து அதே இடத்தில் திரும்பப் போடுவது வீணான முயற்சி. ஈ இரண்டு போட்டு ஒன்றுக்கு மட்டும் நிறம் வந்தால், விடையில் ஈ ஒன்றே ஒன்றுதான் என்பதும் உறுதி.

பொறி ஒன்று உண்டு. கடைசி நான்கு எழுத்து ஐ-ஜி-எச்-டீ என்று பச்சையாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், எயிட் என்று எட்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டால் முயற்சி தீர்ந்துவிடும். பச்சையைக் கைவிட்டு ‘ஃபிலிம்ஸ்’ என்று போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கையும் ஒரே அடியில் சோதித்துவிடலாம், எட்டில் நான்கு தீர்ந்தது. ‘ஹார்ட் மோட்’ வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை, கிடைத்த எழுத்துகளைப் பயன்படுத்தியே ஆக வேண்டும்.

முதல் சொல்லாக ‘அடியூ’ போடுபவர்கள் நிறைய. நான்கு உயிரெழுத்து தெரிந்துவிடும்தான், ஆனால் சொல்லை அடையாளம் காட்டுவது மெய்கள். ஆர், எஸ், டீ, எல், என் தெரிந்தால் உயிரெழுத்து தானாக வந்து உட்காரும். ‘ஸ்லேட்’, ‘கிரேன்’ இரண்டும் அந்தப் பத்திரிகையில் நம் ஆட்டத்தை அலசும் நிரலான வேர்டில்பாட்டே பரிந்துரைத்தவை. நான் ஸ்லேட் கட்சி.

ஸ்கிராபிளில் எந்த எழுத்துகளைக் கையில் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்?

இதற்குக் கட்டைகளின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற நியூயார்க் கட்டடக் கலைஞர், நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அந்தக் கணக்குத்தான் இன்றும் நம் கையில்: மொத்தம் 100 கட்டை, ஈ 12, ஏ-யும் ஐ-யும் 9, ஓ 8, என், ஆர், டீ ஆறு ஆறு, க்யூ, இஸட், ஜே, எக்ஸ், கே ஒவ்வொன்று, வெற்று இரண்டு. எஸ் மட்டும் வேண்டுமென்றே நான்கோடு நிறுத்தப்பட்டது, இல்லையென்றால் எல்லோரும் பன்மை போட்டே ஜெயித்துவிடுவார்கள். ஸ்கிராபிள் என்ற பெயர் பிறகு ஜேம்ஸ் புரூனோ 1948-இல் வைத்தது.

ஏழு கட்டையையும் ஒரே சொல்லில் இறக்கினால் 50 புள்ளி உபரி. அதனால் ஒரு புள்ளி எழுத்துகளை அற்பமாக நினைக்கக் கூடாது. ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ ஏழும் ஒரே புள்ளிதான். ஆனால் இந்த ஏழில் ரீடெய்ன்ஸ், ரெடினாஸ், நாஸ்டியர், ஆன்ட்சியர், ஸ்டெய்னர், ஸ்டியரின், பைன் பிசின் வாசம் அடிக்கும் கிரேக்க ஒயினான ரெட்சினா என்று ஏழெழுத்துச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். பெரிய புள்ளி எழுத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவரைவிட இந்தச் சில்லறைகளைச் சேர்ப்பவர் பணக்காரர் ஆகிறார்.

சொல்லின் பொருள் தெரியாமல் போடலாமா?

விதிப்படி தாராளமாக. நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வசிக்கும் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலகச் சாம்பியன். 2015-இல் பிரெஞ்சு மொழிச் சாம்பியன் பட்டத்தையும் வென்றார். பிரெஞ்சு பேச வராது, சொற்பட்டியலைத்தான் மனப்பாடம் செய்திருந்தார். 2024-இல் ஸ்பானிஷிலும் அதே கதை. அவருக்குச் சொல் என்பது எழுத்துகளின் வடிவம், அவ்வளவுதான். எனக்கு அது கொஞ்சம் உப்பில்லாத சோறு. பொருள் தெரிந்தால்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

நம் ஊர்ச் சொற்கள் அந்தப் பட்டியல்களில் உண்டா?

உண்டு. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகி ஒன்பது எழுத்தில் நான்கு ஏ-யோடு மிதக்கிறது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆகிப் பன்னிரண்டு எழுத்து, பதினைந்து கட்டப் பலகையில் கிட்டத்தட்ட ஒரு வரிசை முழுக்க. யாராவது அதை ஆட்டத்தில் போட்டு நான் பார்த்ததில்லை. சுருட்டு ‘ஷெரூட்’ ஆகி ஏழெழுத்து, ஆகவே ஒரே மூச்சில் இறக்கினால் 50 உபரி உங்களுக்கே. கறி, குருந்தம் என்ற கல், அப்புறம் சின்ன இடுக்குகளில் உட்கார இட்லியும் தோசையும்.

குழந்தையின் வீட்டுப்பாடத்தில் ஒரே கேள்விக்கு இரண்டு விடை வந்தால்?

வரும். என் அக்கா மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பழங்கள் தலைப்பில் ஈ, எல், எம், என், ஓ என்று கலைத்துக் கொடுத்தார்கள். அவள் ‘மெலன்’ எழுதினாள். தப்பு, ‘லெமன்’ என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்பினார்கள். அதே ஐந்து எழுத்து, இரண்டும் பழம். கேள்வி தயாரித்தவர் ஒரு விடையைத் தெரிந்துகொண்டு எழுத்தைக் கலைத்தார், அந்த எழுத்திலிருந்து திரும்பி வேறு வழியும் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கேள்வி தயாரிக்கும் ஆசிரியர்கள் கலைத்த எழுத்தை ஒருமுறை ஏதாவது தேடு தளத்தில் தட்டிப் பார்த்துவிட்டால் இந்தச் சண்டை வராது. ‘எர்த்’ வைத்தால் ‘ஹார்ட்’ வரும், ‘ஓஷன்’ வைத்தால் ‘கனூ’ வரும். ‘டீச்சர்’ என்ற சொல்லைக் கலைத்துக் கொடுத்தால் என்ன வரும் என்று நான் சொல்லமாட்டேன், ஏமாற்றுக்காரர் என்று மட்டும் குறிப்புத் தருகிறேன்.

தேடு தளத்தைப் பார்ப்பது ஏமாற்று வேலையா?

எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால், ஆமாம். ஆட்டம் முடிந்தபின் பார்த்தால், அதுதான் படிப்பு. நான் விட்டுவிட்ட ஏழெழுத்துச் சொல் எது என்று மூன்று சுற்றை மட்டும் குறித்து வைத்து, பிறகு தட்டிப் பார்ப்பேன். வயிறு எரிந்தால் சொல் மறக்காது.

இதே விளையாட்டைத் தமிழில் ஆடலாமா?

ஆடலாம், ஆனால் முதலில் எது ஒரு எழுத்து என்று முடிவு செய்ய வேண்டும். நமக்கு ‘கு’ ஒரு எழுத்து. கணினிக்கு அது க-வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழில் ஓடவிட்டால் ‘படகு’, ‘பகடு’ இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடும், ஏனென்றால் அது குறியையும் பிய்த்து அடுக்குகிறது. நம் கணக்கில் ட, கு வேறு, க, டு வேறு. குறியை எழுத்தோடு ஒட்டவைத்துவிட்டு அடுக்கச் சொன்னால் சரியாகும். அப்படிச் செய்து நான் ஓட்டிப் பார்த்தபோது ‘கரம்’ பெட்டியில் ‘ரகம்’ இருந்தது. ‘நகரம்’ என்ற பெட்டியைத் திறந்தால் உள்ளே ‘நரகம்’.